மைனஸ் 25இல் ஈரம் போகும் வழி

மைனஸ் 18 பாகை எனக்குப் பழகிய இடம். பேலியகொடையிலும் முகத்துவாரத்திலும் மீன் ஏற்றுமதி செய்பவர்களின் கோல்ட் ரூம்களைப் பூட்டுவதும் திருத்துவதும்தான் என் தொழில். வெளியே 31 பாகை வெயில். கதவைத் தள்ளி உள்ளே போனால் மூக்குக்குள் மயிர் விறைக்கும். ஒரு நாளில் பலமுறை இந்த இரண்டுக்கும் நடுவே போய்வருகிறவனுக்குக் குளிர் ஒரு கூட்டாளியாகிவிடும். அதன் குணம் தெரியும், எங்கே கை வைக்கக்கூடாது என்பதும் தெரியும்.

அதனால் ஸ்காபுரோவில் இருக்கும் அக்கா, "பெப்ரவரியில வாறதெண்டால் அத்தானோட ட்ரெய்லரில காட்டுக்குப் போகலாம், வாறியோ?" என்று கேட்டதும் சம்மதித்துவிட்டேன். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. கனடாவுக்குப் போகிறவர்கள் கோடையில் போவார்கள், நயாகரா பார்ப்பார்கள், இரண்டு கல்யாணத்துக்கும் ஒரு தேருக்கும் போய்வருவார்கள். மாரிக்குப் போய், சூடான வீட்டையும் விட்டுக் காட்டில் படுப்பதை அம்மாவால் விளங்கிக்கொள்ளவே முடியவில்லை. புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் எனக்கு உள்ளாடை வாங்கும்போதுகூட "வேற ஒண்டுக்கும் போகேலாதோ?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

என் ஆசை வேறு. வெப்பத்தை வெளியே நிறுத்திவிட்டுக் குளிரை உள்ளே காப்பவன் நான். அங்கே குளிரை வெளியே நிறுத்திவிட்டு மனிதர்கள் உள்ளே தூங்குகிறார்கள். என் தொழிலை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அத்தானுடையது 24 அடி நீளமான ட்ரெய்லர். எஞ்சின் கிடையாது, பிக்கப்பின் பின்னால் கொளுவி இழுத்துப் போகவேண்டும். உள்ளே கேஸ் அடுப்பு, பிறிட்ஜ், ஒரு சின்னக் குளியலறை, மேசையை இறக்கினால் கட்டிலாகும் இருக்கை, கூரையில் திறந்து மூடக்கூடிய ஒரு காற்றுத் துவாரம். தரைக்குக் கீழே மூன்று தாங்கிகள்: நல்ல தண்ணீருக்கு ஒன்று, கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று. நான் முதலில் பார்த்தது சுவரைத்தான். கதவு விளிம்பில் தடிப்பை அளந்தேன். இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. உள்ளே கண்ணாடி நார், இடையிடையே அலுமினியச் சட்டம்.

ஒரு கணக்கு. கொழும்பில் வெளியே 30, கோல்ட் ரூமுக்குள் மைனஸ் 18 என்றால் வித்தியாசம் 48 பாகை. அதைத் தாங்க நாங்கள் 100 மில்லிமீற்றருக்குக் குறையாத பொலியூரத்தேன் நுரைப் பனல் போடுவோம். 150 போட்டால் கம்பிரசருக்கு இன்னும் சுகம். காட்டில் நாங்கள் நின்ற இரவுகளில் வெளியே மைனஸ் 25 வரை இறங்கியது. உள்ளே 18 வைத்திருந்தோம். வித்தியாசம் 43 பாகை. சுமை கிட்டத்தட்ட அதேதான், ஆனால் சுவர் அரைவாசித் தடிப்புக்கூட இல்லை, அதற்குள் இருக்கும் பொருளும் மட்டம், இரண்டு பக்கமும் ஜன்னல்கள் வேறு. எங்கள் வேலையில் யாராவது இப்படி ஓர் அறையைக் கட்டித் தந்தால் கையெழுத்துப் போட்டு எடுக்கமாட்டோம்.

நான்கு பருவத்துக்கும் உகந்தது என்று சில ட்ரெய்லர்களில் ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டுத்தாளை நம்பி வாங்கவேண்டாம் என்பது அத்தானின் கட்சி, என் கட்சியும் அதுவே. குனிந்து அடிப்பக்கத்தைப் பார்க்கவேண்டும். தாங்கிகளையும் குழாய்களையும் மூடி அடைத்து, உள்ளே இருந்து ஒரு சூட்டுக் குழாயை அந்த இடைவெளிக்கும் விட்டிருந்தால் அது மாரிக்கு ஓரளவு நிற்கும். தாங்கி காற்றில் தொங்கினால், மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் அது கோடை வண்டிதான்.

ரொறன்ரோவிலிருந்து 400ஆம் நெடுஞ்சாலை, பிறகு 11, ஹன்ட்ஸ்வில்லில் கிழக்கே திரும்பி 60. நாங்கள் போனது அல்கொங்குவினுக்கு; அது 1893இல் அமைக்கப்பட்ட மாகாணப் பூங்கா. 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரப்பு. நம் கொழும்பு மாவட்டம் பத்துக்கு மேல் அதற்குள் அடங்கும். மாரியிலும் திறந்திருக்கும் மியூ லேக் முகாம் மேற்கு வாசலிலிருந்து சுமார் 30 கிலோமீற்றர் உள்ளே. பாதையில் ஸ்னோ தள்ளிவைத்திருக்கிறார்கள், இடத்துக்கு மின்சாரம் தருகிறார்கள், சூடேற்றிய குளியலறைக் கட்டடம் ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டடம்தான் மாரி முகாமை நம்மைப் போன்றவர்களுக்கும் சாத்தியமாக்குகிறது; ஏன் என்பது தண்ணீர் விஷயத்துக்கு வரும்போது புரியும். விறகைக்கூட வீட்டிலிருந்து கொண்டுபோகவேண்டாம் என்கிறார்கள். ஆஷ் என்ற மரங்களைக் கொல்லும் ஒரு வண்டு விறகோடு ஊர் மாறுகிறதாம்.

போய் நின்றவுடன் அத்தான் செய்த முதல் வேலை, தாங்கும் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்தது. நேரே நிலத்தில் ஊன்றினால் அடியில் உருகிய தண்ணீர் இரவில் மீண்டும் இறுகி இரும்பைப் பிடித்துக்கொள்ளும்; புறப்படும் நாளில் கோடரி தேடவேண்டும். இரண்டாவது வேலை, ட்ரெய்லரைச் சுற்றிவர ஃபோம் பலகை நிறுத்தி அதன்மேல் ஸ்னோவை அள்ளிக் குவித்தது. நானும் ஒரு சவள் எடுத்துக்கொண்டேன். ஸ்னோ என்பது பெரும்பாலும் அடைபட்ட காற்று. காற்று அசையாமல் இருந்தால் அதைவிட மலிவான காப்பு உலகில் இல்லை. அடியில் காற்று வீசுவது நின்றதும், தரையில் வைத்த காலுக்கே வித்தியாசம் தெரிந்தது.

கேஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது கொழும்பில் இருக்கும் எல்லோருக்கும் உரிய விஷயம். நாம் 2021 இறுதியில் அடுப்புகள் வெடித்த செய்திகளைக் கேட்டுப் பயந்தவர்கள். புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த விகிதம் பற்றி அன்று கடைத்தெருவில்கூடப் பேசினார்கள். அடுத்த ஆண்டு அதே 12.5 கிலோ சிலிண்டரைச் சங்கிலியால் பிணைத்து வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். ஆனாலும் அந்த இரண்டு வாயுவுக்கும் என்ன வித்தியாசம் என்பது நம்மில் பலருக்கு ஒரு செய்தியாகவே கடந்துபோனது. மைனஸ் 25இல் அது கண்ணுக்குத் தெரியும்.

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது கொதித்து வாயுவானால்தான் அடுப்புக்கு வரும். பியூட்டேன் கொதிப்பது சுழியத்துக்கு அரைப் பாகை கீழே. புரொப்பேன் கொதிப்பது மைனஸ் 42இல். நம் நாட்டு வெயிலுக்குப் பியூட்டேன் கூடிய கலவை போதும். அங்கே அது கொதிக்கவே மாட்டாது. "தம்பி, உங்கட கொழும்புச் சிலிண்டரை இஞ்ச கொண்டந்து வச்சால் அது வெறும் இரும்புதான்," என்றார் அத்தான். அங்கே விற்பது கிட்டத்தட்ட முழுக்கப் புரொப்பேன். அதுவும் குளிர் கூடக்கூட அழுத்தம் இறங்கும். இன்னொன்று: திரவம் கொதிக்கும்போது தன்னையே குளிர்விக்கும். கோல்ட் ரூமில் நாங்கள் பிழைப்பு நடத்துவதே இந்த ஒரு விதியை வைத்துத்தான். சிலிண்டரில் திரவம் குறையக் குறைய, வெளியிலிருந்து சூடு வாங்கும் பரப்பும் குறைகிறது. அதனால் கால் சிலிண்டர் மீதம் இருந்தும் விடியற்புறத்தில் சுவாலை மெலியும். இரண்டு சிலிண்டரை ஒன்றாகப் பூட்டி, ஒன்று தளர்ந்தால் மற்றதுக்குத் தானாக மாறும் ரெகுலேற்றர் போட்டிருப்பது அதற்காகத்தான்.

எவ்வளவு தேவை? 9 கிலோ பிடிக்கும் சிலிண்டர் ஒன்று, கேஸை எரித்துச் சூட்டுக் காற்று அனுப்பும் ஃபேர்னஸை, மணிக்கு 30,000 பி.ரி.யூ (வெப்பத்தை அளக்கும் அலகு) எரிப்பதை, இடைவிடாமல் ஓட்டினால் சுமார் 14 மணித்தியாலம் வரும். ஃபேர்னஸ் விட்டுவிட்டுத்தான் ஓடும் என்றாலும், கடுங்குளிரில் ஒரு நாளுக்கு ஒரு சிலிண்டர் என்று கையிருப்பு வைப்பதே பாதுகாப்பு.

மின்சாரம் இருக்கிறதே, ஹீற்றர் வைத்தால் என்ன என்று நானும் கேட்டேன். அங்கே 30 அம்பியர் இணைப்பு, ஆனால் 120 வோல்ட். மொத்தம் 3,600 வாட். நம் வீட்டு 30 அம்பியர் இணைப்பில் 230 வோல்ட்டில் கிடைப்பது 6,900. ஆக 1,500 வாட் ஹீற்றர் ஒன்றும் கேத்தலும் ஓடினாலே வேறு எதையும் தொட இடமில்லை. அதைவிடப் பெரிய காரணம் அடியில் இருக்கிறது. ஃபேர்னஸின் சூட்டுக் காற்றில் ஒரு பங்கு தரைக்குக் கீழே தாங்கிகளுக்குப் போகிறது. அறையை மின் ஹீற்றர் சூடாக்கிவிட்டால் தெர்மோஸ்ரற் திருப்தியாகி ஃபேர்னஸைக் கிளப்பாது. மேலே நாம் சுகமாகப் போர்த்திக்கொண்டு கிடப்போம். கீழே குழாயில் தண்ணீர் உறையும். ஹீற்றரைச் சின்னதாக வைத்து, ஃபேர்னஸ் ஒவ்வொரு மணித்தியாலமும் சிலமுறையாவது ஓடும்படி விடவேண்டும். நான் அங்கே கற்றவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. வெப்பமானி ஓர் இடத்தைத்தான் அளக்கும், சேதம் இன்னோர் இடத்தில் நடக்கும். பேலியகொடையில் எத்தனை கோல்ட் ரூமில் இதே சண்டையைப் பிடித்திருக்கிறேன்!

தண்ணீர் இறுகும்போது கனவளவு சுமார் 9 சதவீதம் கூடும். பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்ரிக் குழாய் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். பொருத்துகள் கொடாது, பம்பு கொடாது, வால்வு கொடாது. அத்தானுக்கு முதல் மாரியில் கழிவறைக்குப் பின்னாலிருந்த ஒரு சின்ன பிளாஸ்ரிக் வால்வு வெடித்தது. இறுகி இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை, இளவேனிலில் தண்ணீர் விட்டபோதுதான் தரைப் பலகை ஊறிப்போனது தெரிந்தது.

இப்போது அவர் வேறு வழி. இலையுதிர் காலம் முடியும்போதே தண்ணீர் முழுவதையும் வடித்து, சுடுதண்ணீர்த் தாங்கிக்குப் போகும் வழியை அடைத்துவிட்டு, இளஞ்சிவப்பு நிறமான உறைதடுப்புத் திரவத்தைக் குழாய்களுக்குள் பம்பு பண்ணிவிடுவார். புரொப்பிலீன் கிளைக்கோல், குடிநீர்க் குழாய்க்கென்றே விற்பது. கார் ரேடியேற்றருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கோல் நஞ்சு, இரண்டையும் மாற்றிவிடக்கூடாது. அதன்பின் மாரி முழுக்க அந்தக் குழாய்களைத் தொடுவதில்லை. குடிக்கவும் சமைக்கவும் 20 லீற்றர் கான்களில் தண்ணீர் உள்ளே இருக்கும். பாத்திரம் பேசினில் கழுவுவது. குளிப்பது அந்தச் சூடான கட்டடத்தில். இரவில் அவசரத்துக்குக் கழிவறை, அதற்குள் ஊற்றக் கொஞ்சம் சிவப்புத் திரவம்.

சூடேற்றும் நாடா சுற்றிய குழாய், தாங்கிக்கு ஒட்டும் ஹீற்றர் என்று எல்லாம் வைத்து, மாரியிலும் குழாய் திறந்தால் தண்ணீர் வரவேண்டும் என்று நிற்பவர்களும் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் ட்ரெய்லரிலேயே குடியிருப்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை. நாலு இரவு நிற்கப் போகிறவர்களுக்கு அந்தப் பாடு வேண்டாம். வெள்ளவத்தை மாடிவீட்டில் தண்ணீர் வெட்டு என்றால் முதல்நாளே வாளி, பரல் எல்லாம் நிரப்பி வைத்து, கோப்பையால் அள்ளிக் குளித்து வளர்ந்தவர்கள் நாம். கானிலிருந்து அளந்து ஊற்றி ஒரு நாளைக் கொண்டுபோவதில் நமக்கு ஒரு கஷ்டமும் கிடையாது. அக்காவின் மகள், அங்கேயே பிறந்த பிள்ளை, ஒரு கோப்பைத் தண்ணீரில் பல் துலக்கி முகம் கழுவ அம்மம்மா பழக்கியதாகச் சொன்னாள். வெள்ளவத்தையில் விடுமுறைக்கு வந்து நின்றபோது கற்றதாம்.

இனி ஈரம். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

முதல் மாலை அக்கா புட்டுக்கு மா குழைத்துவிட்டு நீற்றுப்பெட்டியை எடுத்தார். அத்தான் பதறிப்போனார். "இஞ்சேரும், உள்ளுக்கை அவிக்காதேயும். விடியச் சுவர் அழும்." அக்கா விடவில்லை. "புட்டில்லாமல் என்ர தம்பி எப்பிடிப் படுப்பான்?" கடைசியில் வெளியே ஒற்றை அடுப்பை ஸ்னோவுக்கு மேல் பலகை வைத்து மூட்டி, மைனஸ் 15இல் புட்டு அவிந்தது. நீராவி மரங்களுக்கு மேலே எழும்பியது. சம்பலோடும் கருவாட்டுக் குழம்போடும் உள்ளே கொண்டுவந்து சாப்பிட்டோம்.

அத்தான் சொன்னதில் ஒரு சொல்லும் மிகை இல்லை. ஓர் ஆள் ஓர் இரவில் மூச்சாலும் தோலாலும் விடும் ஈரம் ஏறக்குறைய கால் லீற்றர். நாலு பேர் படுத்தால் ஒரு லீற்றர் தண்ணீரைக் காற்றில் ஊற்றுகிறோம். இதற்கு மேலே தேத்தண்ணி, ஈரச் சப்பாத்து, காய்கிற கையுறை. உள்ளே 20 பாகை, ஈரப்பதன் 50 சதவீதம் என்று வையுங்கள். கொழும்பு ஆளுக்கு அது வறண்ட காற்று. அந்தக் காற்றும் 9 பாகைக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பில் பட்டாலும் தண்ணீராகும். ஜன்னல் கண்ணாடி 9 பாகையைவிட எவ்வளவோ கீழே. காலையில் நான் ஒவ்வோர் இடமாகத் தடவிப் பார்த்தேன். சுவருக்குள் அலுமினியச் சட்டம் ஓடும் இடங்களில் மட்டும் நேர்கோடாக ஈரம். கதவில் ஒவ்வொரு ஆணியின் தலையிலும் ஒரு வெள்ளைத் தொப்பி, உறைபனி. ஆணி வழியாகக் குளிர் நேரே உள்ளே வந்து நிற்கிறது. மெத்தையைத் தூக்கினால் அடிப்பக்கம் நனைந்திருந்தது. மெத்தைக்குக் கீழே காற்று ஓடச் சட்டம் வைக்காதவர்களுக்கு ஒரு மாரியிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும். அலுமாரிக் கதவுகளை இரவில் திறந்து விடுவதும், போர்வை சுவரில் ஒட்டாமல் படுப்பதும் அதற்காகத்தான்.

கோல்ட் ரூமில் நான் நாளும் பார்ப்பது இதைத்தான், திசை மட்டும் மாறி. ஈரம் பெரும்பாலும் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கே போகும். கொழும்பில் சூடு வெளியே. ஆகவே ஈரம் வெளியிலிருந்து பனலின் மூட்டுக்குள் நுழைந்து, உள்ளே போய்ப் பனியாகி, வருடக்கணக்கில் பனலைப் பிளக்கும். அதனால் ஈரத்தடையை, அதாவது நீராவி ஊடுருவாத படலத்தை, வெளிப்பக்கம் வைக்கிறோம், மூட்டுகளை வெளியிலிருந்து அடைக்கிறோம். கனடாவில் சூடு உள்ளே. ஈரத்தடை உள்பக்கம் இருக்கவேண்டும். ட்ரெய்லரில் அது எத்தனையோ துளைகளோடுதான் இருக்கிறது: ஒவ்வொரு மின்குமிழுக்கும், ஒவ்வொரு சுவிட்சுக்கும், ஒவ்வொரு கம்பிக்கும். அந்தத் துளைகளால் நுழையும் மூச்சு சுவருக்குள் போய்த் தண்ணீராகி, மரத்தை அரிக்கிறது. வெளியிலிருந்து மழை ஒழுகாத ட்ரெய்லர்களும் சுவர் உக்கிப்போவதற்கு இது ஒரு காரணம்.

மருந்து என்ன தெரியுமா? கூரைத் துவாரத்தை இரண்டு விரல் அளவு திறந்து வைப்பது, தாழ்வான ஒரு ஜன்னலையும் கொஞ்சம். மைனஸ் 25இல், காசு கொடுத்த சூட்டை வெளியே விடுவது. முதலில் என் தொழிற்புத்தி இதை ஏற்கவில்லை; எங்கள் வேலையில் திறந்த கதவு பெரும் பாவம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அங்கே அது புண்ணியம். மைனஸ் 20 காற்று ஒரு கன மீற்றரில் சுமார் 1 கிராம் ஈரம்தான் சுமக்க முடியும். 20 பாகைக் காற்று 17 கிராம் வரை சுமக்கும். உள்ளே வருகிற குளிர்காற்று சூடானதும் ஈரத்தைத் தேடிக் குடிக்கிறது, மேலால் வெளியே கொண்டுபோகிறது. கொழும்பில் ஜன்னலைத் திறந்து ஒருநாளும் இப்படி ஈரம் போக்க முடியாது. நம் வெளிக்காற்று வரும்போதே நனைந்துதான் வரும்.

இதே இடத்தில்தான் உயிர் விஷயமும் வருகிறது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் உண்டாகும். ஃபேர்னஸில் அது புகைக்குழாயால் வெளியே போய்விடும். புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீற்றரை உள்ளே வைத்தால் தண்ணீர் முழுவதும் அறைக்குள். அதோடு கார்பன் மொனொக்சைட்டும் வரலாம். அதற்கு மணமில்லை, நிறமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். தலையிடி வரும், தூக்கம் வரும், தூக்கத்திலேயே முடிந்துவிடும். அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்கக்கூடாது. ஃபேர்னஸின் வெளிவாயை ஸ்னோ மூடாமல் ஒவ்வொரு காலையும் பார்க்கவேண்டும். கட்டில் பக்கத்தில் அந்த வாயுவை உணர்ந்து ஒலிக்கும் ஓர் அலாரம், புதிய பற்றரியோடு. அத்தான் ஒவ்வொரு இரவும் படுக்கமுன் அதன் பொத்தானை அமத்திச் சத்தம் கேட்டபின்தான் விளக்கை அணைப்பார். நுவரெலியாவில் மூடிய அறைக்குள் கரிச்சட்டி வைத்துக்கொண்டு படுக்கிற பழக்கம் உள்ளவர்களே, இதை உங்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். தயவுசெய்து வேண்டாம். கம்பளி வாங்குங்கள்.

பற்றரி பற்றி இரண்டு சொல். ஃபேர்னஸின் காற்றாடி ஓடுவது 12 வோல்ட்டில். பற்றரி செத்தால் கேஸ் நிறைய இருந்தும் சூடு இல்லை. ஈயப் பற்றரி குளிரில் பலம் குறையும், வெறுமையாக விட்டால் உறைந்தே போகும். லித்தியம் இரும்பு பொஸ்பேட் பற்றரியைச் சுழியத்துக்குக் கீழே சார்ஜ் பண்ணக்கூடாது, அது உள்ளே நிரந்தரமாகப் பழுதாகும். அதை ட்ரெய்லருக்குள் சூடான இடத்தில் வைக்கவேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று அம்மா வாட்ஸ்அப்பில் கேட்டார். அந்த நேரம் நான் ஏரிக்கரையில் நின்றேன். இரவில் குளிர் கூடிப் பனிக்கட்டி சுருங்கி வெடிக்கும்போது ஏரி முழங்கும். ஒரு கரையில் தொடங்கி அடுத்த கரைக்கு ஓடும் ஒரு நீண்ட அடிக்குரல், காலுக்குக் கீழே உணரலாம். கைத்தொலைபேசியை நீட்டிப் பிடித்தேன். அம்மாவுக்குக் கேட்கவில்லை, எனக்கு அது பெரிய மனக்குறை. பகலில் கனடா ஜே என்ற சாம்பல் நிறக் குருவி வந்து கையிலேயே உட்கார்ந்தது. கோடையிலிருந்தே உணவை மரப்பட்டைக்குள் ஆயிரக்கணக்கான இடங்களில் ஒளித்துவைத்து, மாரி முடியும் முன்பே, ஸ்னோ நிற்கும்போதே கூடுகட்டி முட்டையிடும் பறவை அது. குளிர்தான் அதன் களஞ்சியத்தைப் பழுதாகாமல் காக்கிறது. சூடு கூடினால் ஒளித்த உணவு கெட்டுப்போகும் என்று அல்கொங்குவினில் பல பத்தாண்டுகளாக இதை ஆராய்கிறவர்கள் கவலைப்படுகிறார்கள். குளிர்ச் சேமிப்பில் பிழைக்கும் ஓர் உயிர் என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது. இதை நான் எந்த விலைக்கும் விடமாட்டேன்.

புறப்படும் காலை வெயில் அடித்தது. ட்ரெய்லரின் பக்கத்தில் வெளியே நீட்டி, உள்ளே இழுக்கக்கூடிய சின்ன அறையின் கூரையில் இருந்த பனியைத் தட்டித் துடைத்த பின்தான் அதை உள்ளே இழுத்தோம். பனியோடு இழுத்தால் ரப்பர் ஓரங்கள் கிழியும், மீதம் உள்ளே உருகும். வீட்டுக்கு வந்ததும் அத்தான் மெத்தைகளைக் கழற்றி நிறுத்தி, எல்லா அலுமாரியையும் திறந்து, ஒரு காற்றாடியை இரண்டு நாள் ஓடவிட்டார். அந்த வேலையைத் தவறவிடுகிறவர்கள்தான் பிறகு ட்ரெய்லர் மணக்கிறது என்று விற்கிறார்கள்.

நான் இப்போது இதையெல்லாம் கொழும்பில் இருந்து எழுத இன்னொரு காரணம் உண்டு. தெஹிவளையில் இருக்கும் நண்பர் ஒருவர் பழைய வான் ஒன்றைப் படுக்கை வண்டியாக மாற்றிக்கொண்டிருக்கிறார். ஜனவரியில் குடும்பத்தோடு நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் போவது திட்டம். முகிலில்லாத ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் அங்கே நிலத்தில் உறைபனி விழும், தேயிலைக் கொழுந்து கருகும். நம் நாட்டுக்கு அது கடுங்குளிர்தான். பியூட்டேன் கூடிய நம் கேஸ் அங்கே விடிய நாலு மணிக்குத் தளரும், புரொப்பேன் முதலில் போய்விட்டால் மீதி அடியில் கிடக்கும். சிலிண்டரைத் தூங்கும் இடத்துக்குள் கொண்டுவரவேண்டாம் என்று அவரிடம் உறுதி வாங்கியிருக்கிறேன்.

சுவர்தான் சிக்கல். அந்த வண்டி கொழும்பில் ஏ.சி. போட்டு ஓடும், அப்போது சூடு வெளியே. நுவரெலியாவில் இரவு நாலு பேர் உள்ளே மூச்சு விடுவார்கள். அப்போது சூடு உள்ளே. ஈரத்தடையை எந்தப் பக்கம் வைத்தாலும் பாதி நாட்கள் அது தவறான பக்கம். கண்ணாடி நார் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் வேலைத்தலத்தில் வெட்டி மிஞ்சும் பொலியூரத்தேன் பனல், இரண்டு பக்கமும் தகடு, ஈரம் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் உள்ளே போகாது; மூட்டுகளை மட்டும் இரண்டு பக்கத்திலும் சிலிக்கன் போட்டு அடைக்கவேண்டும். தகடு வானின் உடம்போடு தொடும் இடத்தில் மரம் வைத்துப் பிரிக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்த அலுமினியக் கோடுகள் இங்கேயும் வரும். இதற்கெல்லாம் நண்பர் ஒத்துக்கொண்டுவிட்டார். கூரையில் துவாரம் வெட்டத்தான் இன்னும் மனம் வரவில்லை. மழை ஒழுகும் என்கிறார். வரும் ஞாயிறு நானே வெட்டும் அளவைக் குறித்துக்கொண்டு தெஹிவளைக்குப் போகிறேன், அலாரம் ஒன்றையும் வாங்கிக்கொண்டு.